மாறுபாடு, சிகிச்சை தேவையில்லை

போர்ட் லூயிஸ். சனிக்கிழமை, பதினொன்றரை.
பந்தயத் திடலின் ஒலிபெருக்கி
இரண்டு தெரு தாண்டி வந்து
என் எக்ஸ்ரே அறையின் ஈயக் கதவில்
முட்டி நிற்கிறது.

காதுகளில் இரு முளைகள்,
மூக்குத் தண்டில் ஒரு தாங்கி.
பல்லோடு பல் சேர்த்துக் கடி, எச்சில் விழுங்காதே,
பதினைந்து நொடி அசையாதே என்றேன்.
அசையவில்லை
பிரிலேனி கர்ப்பேன், வயது பதினைந்து.
இவ்வளவு சும்மா நிற்கத் தெரிந்த பிள்ளையை
இந்த இயந்திரம் பார்த்ததில்லை.
லாயத்தில் பழகியது, என்றார் அப்பா.
நாம் அசைந்தால் குதிரை அசையும்.
பன்னிரண்டு மணிவரைதான் அவருக்கு விடுப்பு.

மேல் இடது கோரைப்பல் இறங்கவே இல்லை.
அதைத் தேடித்தான் இந்தப் படம்.
அது அண்ணத்துக்குள் குறுக்கே படுத்துக் கிடந்தது
மழைக்கு ஒதுங்கிய பூனை மாதிரி.
என் கண் அங்கே நிற்கவில்லை.

விழிக்குழிக்குப் பின்னால், மண்டையின் நட்டநடுவே,
ஆப்பெலும்பின் முதுகில் ஒரு சேணம்.
எல்லார் தலையிலும் உண்டு:
முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கொம்பு,
இடையில் பள்ளம்.
துருக்கிச் சேணம் என்கிறது பாடப்புத்தகம்.
துருக்கிக்காரர் எப்போது இறங்கிப் போனார்
என்று எழுதவில்லை.
பல் கட்டும் மருத்துவர் முகத்தை அளக்கும்போது
முதல் புள்ளியை அந்தப் பள்ளத்தில்தான் வைப்பார்.
இவளுக்கோ
இரண்டு கொம்பும் நீண்டு கைகோத்து
பள்ளத்தின் மேல் ஒரு பாலம்.

லாசெல், என்றேன் விரல் வைத்து.
இருபத்தெட்டு வருடம் சேணம் கட்டியவர்
மூக்கு திரையில் உரச எட்டிப் பார்த்தார்.
இதைத் தைத்தவன் குடித்திருக்கிறான்.
இப்படி மூடினால் யார் உட்காருவது?

ஒரு பட்டாணி.
பட்டாணி அளவில் ஒரு சுரப்பி.
அது அங்கே உட்கார்ந்தபடிதான்
நாம் எவ்வளவு உயரம் என்று உத்தரவு போடும்.

அவர் சிரிக்கவில்லை.
பதினாறு வயதில் ஜாக்கியாகச் சேர்ந்தவராம்.
ஒரே குளிர்காலத்தில் நான்கு அங்குலம்.
பட்டினி கிடந்தார், கம்பளி போர்த்தி வெயிலில் ஓடினார்,
எலும்பு கேட்கவில்லை.
அன்று முதல் அடுத்தவன் ஏறச் சேணம் கட்டுகிறார்.
அந்தப் பட்டாணியா, என்று
தன் புருவ மத்தியைத் தொட்டார்,
ஏமாற்றிவிட்டு ஓடியவனின் வீட்டை
கடைசியில் கண்டுபிடித்தவர் போல.

நான் இன்னும் வளர்வேனா?
கேட்டது பெண்.
எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான்,
ஆமாம் என்று சொல்லச் சொல்லி.
இவள் கேட்டது அப்படி இல்லை.

படத்தில் கழுத்தும் விழுந்திருந்தது.
மூன்றாம் முள்ளெலும்பின் கீழ்விளிம்பு குழிந்து,
நான்காவதும் குழிந்து, சதுரமாகி.
பெரும்பாலும் வளர்ந்து முடித்த கழுத்து.
சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.
செவ்வாய்க்கிழமை டாக்டர் லாம் சொல்வார்.
உன் சப்பாத்து கடைசியாக எப்போது சிறிதானது?
யோசித்தாள். போன வருஷம், ஏப்ரல்.
ம், என்றேன்.
அந்த ஒற்றை எழுத்தை
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அறிக்கையில் தட்டினேன்:
சேணத்தின் மேல் எலும்புப் பாலம்.
சாதாரணத்துக்குள் அடங்கும் மாறுபாடு. சிகிச்சை தேவையில்லை.
மேலே பெயர்க் கட்டத்தில் கர்ப்பேன்.
கருப்பன் என்று கப்பலிறங்கி நின்றவரை
எந்தக் குமாஸ்தாவின் காது இப்படிக் கேட்டதோ,
அதுவும் அடங்கும்.

ஒலிபெருக்கி முதல் பந்தயத்தின் பெயர்களைச் சொல்ல
அப்பா படியில் பாதி இறங்கிவிட்டார்.
அவள் திரும்பி வந்தாள். போனில் எடுத்துக்கொள்ளலாமா?
எடு, என்றேன்.
இரண்டு விரலால் இழுத்து, இழுத்து,
சேணத்தை மட்டும் எடுத்தாள்.
வந்த காரியமான பல்
சட்டத்துக்கு வெளியே நின்றது.